ராடாருக்குப் பக்கத்தில் போனால் என்ன ஆகும்? கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மின்காந்தப் புலம் பற்றி

தலவாக்கலையில் மழை விடாமல் ஊற்றிய ஒரு ஜூலை மாலை. என்னிடம் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்த பையன் ஒருவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். கொழும்பில் பயிற்சியை முடித்துவிட்டான், சரக்குக் கப்பலில் டெக் கடெட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, இடம் கிடைத்திருக்கிறது, ஏதோ ஒரு படிவத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். பையன் எழுந்துவிட்டான். அம்மா எழவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“சேர், ஒண்ணு கேக்கணும். கப்பல்ல ராடார்னு ஒண்ணு சுத்துதாமே. அதுக்குக் கிட்ட வேலை செஞ்சா பிறகு பிள்ளை குட்டி பிறக்காதாமே?”

பையன் கூச்சத்தில் கூரையைப் பார்த்தான். “அம்மா, சும்மா இருங்களேன்” என்றான்.

“பயப்படாதீங்கம்மா, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் அது அரைப் பதில் என்று உறைத்தது. பயப்பட வேண்டாம் என்பது சரி. கப்பலில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் கவனமாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். அந்த மீதிப் பதில்தான் இது. பையனுக்கும் அவனைப் போல மலையிலிருந்து கடலுக்குப் போகிற மற்றவர்களுக்கும் எழுதுகிறேன். பௌதிகவியல் படிக்காதவர்களும் வாசிக்கலாம்.

அடுப்படியிலிருந்து தொடங்கலாம்

மார்கழிக் குளிரில் லயத்து அடுப்படியில் குந்திக் கை காய்ச்சாதவர்கள் நம்மில் குறைவு. அடுப்பைத் தொடவில்லை, ஆனாலும் முகம் சுடுகிறது. இரண்டடி பின்னால் நகர்ந்தால் இதமாக இருக்கிறது. வாசலுக்குப் போனால் மறுபடி குளிர். அடுப்புக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள வெளியில் எதுவோ பரவியிருக்கிறது, அது தூரம் போகப்போகக் குறைகிறது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. அடுப்பு விறகின் அந்தச் சூடு நம்மிடம் வந்து சேர்வதே பெரும்பாலும் மின்காந்த அலையாகத்தான்.

ஒரு கம்பியில் மின்னழுத்தம் இருந்தால் அதைச் சுற்றி மின்புலம் இருக்கும். அதே கம்பியில் கரண்ட் ஓடினால் காந்தப்புலமும் சேரும். இரண்டும் மாறி மாறி ஆடும்போது சேர்த்து மின்காந்தப் புலம் என்கிறோம். செக்கனுக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது அதிர்வெண். நம் பாடப்புத்தகத்தில் மீடிறன் என்று படித்தது இதைத்தான். வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை ஆடுகிறது. பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் 440 வோல்ட், 60 முறை. கப்பலின் வானொலிக் கருவிகளில் இது இலட்சங்களிலும் கோடிகளிலும் போகும். ராடாரில் செக்கனுக்கு ஏறக்குறைய 940 கோடி முறை, இன்னொரு வகை ராடாரில் 300 கோடி முறை. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு 245 கோடி.

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் களையவேண்டும். ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லைத்தான் நாம் எக்ஸ்ரேக்கும் அணுகுண்டுக்கும் ராடாருக்கும் கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் சேர்த்து வைத்திருக்கிறோம். பாதிப் பயம் அந்தச் சொல்லிலிருந்தே வருகிறது. எக்ஸ்ரேயும் காமாக் கதிரும் அணுவிலிருந்து இலத்திரனைப் பிய்த்து எடுக்கும் அளவுக்கு வலு உள்ளவை. அதனால்தான் அவை உயிரணுவின் மரபுப் பொருளையே உடைக்கக்கூடியவை. ராடார் அலைக்கு அந்த வலு இல்லை. அலை தன் சக்தியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் கொண்டுவருகிறது. எத்தனை கிலோவாட் ஏற்றினாலும் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றும் அதே சின்னப் பொட்டலம்தான். ஆயிரம் பேர் மாறி மாறிக் கூழாங்கல் எறிந்தாலும் பாறை பிளக்காது. ஆனால் கல்லடி வாங்குகிறவனுக்கு வலிக்கும், அது வேறு விடயம்.

உடம்புக்குள் நடப்பது

புலம் உடம்பில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. எது நடக்கும் என்பதை அதிர்வெண் தீர்மானிக்கிறது.

குறைந்த அதிர்வெண்ணில், அதாவது மின்சாரக் கேபிள், ஜெனரேட்டர், வெல்டிங் போன்றவற்றின் பக்கத்தில், மாறுகிற காந்தப்புலம் உடம்புக்குள் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும். நம் நரம்பும் தசையும் மின்சாரத்தால் இயங்குபவை. தூண்டல் மிகப் பலமானால் நரம்பு தானாகத் துடிக்கும். அதற்கும் முன்னால் கண்ணின் விழித்திரை சொல்லிவிடும்: கண்ணோரத்தில் வெளிச்சம் மினுங்குவது போலத் தோன்றும். சாதாரண வேலைத்தலத்தில் அந்த அளவு வருவது அரிது.

உயர்ந்த அதிர்வெண்ணில் நடப்பது சூடேறுதல், அவ்வளவுதான். 1945 வாக்கில் அமெரிக்காவின் ரேதியன் கம்பனியில் பேர்சி ஸ்பென்சர் என்ற பொறியியலாளர், ராடாருக்கு அலையை உண்டாக்குகிற மக்னெட்ரான் என்ற குழாயின் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையிலிருந்த மிட்டாய்க் கட்டி உருகியதைக் கவனித்தாராம். அதிலிருந்து பிறந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. உடம்பில் சூடேறினால் இரத்தம் அதை எடுத்துக்கொண்டு போய்த் தோலில் கொட்டிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த இடங்களில் அது சரிவர நடக்காது. கண்ணின் வில்லையில் இரத்தக் குழாயே இல்லை. ஆணின் விதைப்பை உடம்பின் மற்ற பகுதியைவிடக் குளிர்ந்து இருந்தால்தான் விந்து உருவாகும். அந்த அம்மா கேட்ட கதைக்கு வேர் இங்கே இருக்கிறது. விதைப்பை நன்றாகச் சூடேறினால் விந்தின் எண்ணிக்கை சில காலம் குறையலாம். சூடேறும் அளவுக்கு அலை படவேண்டும் என்பதுதான் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற பகுதி.

சரி, எவ்வளவு பட்டால் சூடேறும்? மின்காந்தப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஐசிஎன்ஐஆர்பி என்பார்கள். உடம்பின் ஒரு கிலோவுக்கு 4 வாட் வீதம் உறிஞ்சப்பட்டால் உள்சூடு ஏறக்குறைய ஒரு பாகை கூடும் என்பதை அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதைப் பத்தால் வகுத்து 0.4 வாட் தொழிலாளிக்கு, ஐம்பதால் வகுத்து 0.08 வாட் பொதுமக்களுக்கு என்று எல்லை வைத்தார்கள். 2020 இல் வந்த அவர்களின் வழிகாட்டியில் இந்த முழு உடம்புக் கணக்கு 30 நிமிடச் சராசரி. 60 கிலோ எடையுள்ள தொழிலாளி என்றால் மொத்தம் 24 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு 80 முதல் 100 வாட் சூட்டை உண்டாக்குகிறது. கூடையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கிறவருக்கு அது பல மடங்கு. அந்தப் பின்னணியில் 24 வாட்டைப் பாருங்கள்.

தொழிலாளிக்கு ஏன் பொதுமக்களைவிட அதிக எல்லை என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். அவர் உடம்பு இரும்பா? இல்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், ஆபத்து எங்கே என்று அவருக்குத் தெரியும், விலகிக்கொள்வார் என்ற அனுமானத்தில்தான். அந்தப் பயிற்சியைக் கொடுக்காத கப்பலில் அந்த அனுமானம் பொய்யாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பெரிய ஓட்டை அதுதான்.

சுற்றுகிற ராடார், நிற்கிற ராடார்

இப்போது கப்பலுக்கு ஏறலாம். பிரிட்ஜ் எனப்படும் கட்டுப்பாட்டு அறைக்கு மேலே மாஸ்ட் கம்பம். அதில் நீளமான சட்டம் போல ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான், அலையை விட்டு அது பட்டுத் திரும்புவதை வைத்து மற்றக் கப்பல்களையும் கரையையும் கண்டுபிடிக்கிற ராடாரின் அன்டெனா. கப்பலில் ஸ்கேனர் என்பார்கள். அதன் உச்ச வலுவை விவரப் பட்டியலில் பார்த்தால் 25 கிலோவாட் என்று போட்டிருக்கும். 25 கிலோவாட்டா! ஒரு லயத்து வரிசை முழுவதற்கும் போதுமான கரண்ட் அல்லவா?

பொறுங்கள். ராடார் தொடர்ந்து அலை விடுவதில்லை. ஒரு சொட்டு விடும், பிறகு எதிரொலிக்குக் காத்திருக்கும். சொட்டின் நீளம் அதிகம் போனால் ஒரு மைக்ரோசெக்கன் அளவு, அதாவது செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. செக்கனுக்கு 600 சொட்டு என்று வையுங்கள். 25,000 வாட் × 600 × பத்து இலட்சத்தில் ஒன்று: கணக்குப் போட்டால் 15 வாட். சராசரியாகப் பார்த்தால் ஒரு எல்இடி பல்பு. போதாததற்கு அது நிமிடத்துக்கு 24 முறை அளவில் சுற்றுகிறது. அதன் கற்றை ஒன்றிரண்டு பாகைதான் அகலம். ஆகவே ஒரு சுற்றில் உங்கள் மேல் படுவது மிகச் சின்ன நேரம்தான். கீழே மேல்தளத்தில் நடக்கிறவருக்குக் கற்றை தலைக்கு மேலால் போய்விடுகிறது. கடல் பயணம் முழுக்க ராடார் ஓடிக்கொண்டிருக்கும், அதன் கீழே கப்டன் முதல் சமையற்காரர் வரை எல்லோரும் தூங்கி எழும்புவார்கள், ஒன்றும் ஆவதில்லை. நான் அம்மாவுக்குச் சொன்ன அரைப் பதில் இந்த அளவுக்குச் சரி.

மாஸ்டில் ஏறுகிறவருக்குக் கணக்கு மாறுகிறது. ஸ்கேனர் சுற்றாமல் நின்றபடி அலை விட்டால், அந்த 15 வாட்டும் ஒரே திசையில், ஒன்றே முக்கால் மீற்றர் நீளமும் ஒரு சாண் உயரமும்கூட இல்லாத வாயிலிருந்து வருகிறது. வாயின் பரப்பு சதுர மீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் சதுர மீற்றருக்கு 75 வாட். இந்த அதிர்வெண்ணில் தொழிலாளிக்கான எல்லை 50 வாட், பொதுமக்களுக்கு 10 வாட். ஆகவே முகத்தை அந்த வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் எல்லையைத் தாண்டுகிறீர்கள். சில மீற்றர் விலகினால் எல்லைக்குள் வந்துவிடுகிறீர்கள். இது என் குத்துமதிப்புக் கணக்கு. உங்கள் கப்பலின் ராடாருக்குச் சரியான எண், அதன் கையேட்டின் முதற்பக்கங்களில், எத்தனை வாட்டுக்கு எத்தனை மீற்றர் என்று இருக்கும். பல கப்பல்களில் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அலையோடு சம்பந்தமில்லாதது. மாஸ்டில் இருக்கிறவரை ராடார் காயப்படுத்துவது என்றால், அந்தச் சட்டம் திடீரென்று சுற்றத் தொடங்கித் தோளில் அடித்துக் கீழே தள்ளுவதைத்தான் நான் முதலில் அஞ்சுவேன். காற்றுத் திசைகாட்டி போல மெதுவாகச் சுற்றுகிற மாதிரித் தெரியும். அதன் மோட்டர், பலத்த காற்றையும் எதிர்த்துச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. உங்களை ஒதுக்கிவிட்டுப் போக அதற்குச் சிரமமே இல்லை.

சுடுகிற கம்பி

ராடாரைப் பற்றி இவ்வளவு பேச்சு. ஆனால் கப்பலில் உண்மையாகவே கையைச் சுடக்கூடியது பெரும்பாலும் பேசப்படாத ஒன்று: நீண்டதூர வானொலியின் அன்டெனா. எம்எஃப்/எச்எஃப் செட் என்பார்கள். வெள்ளை நிறத்தில் சாட்டை போல நிமிர்ந்து நிற்கிற கம்பு, சில கப்பல்களில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பி. ஆபத்துக் காலத்தில் உதவி கேட்கிற 2182 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை இதில்தான்.

இதன் வலு 150 முதல் 500 வாட் வரை இருக்கும். ராடார் போலச் சொட்டுச் சொட்டாக இல்லை, பேசுகிற நேரம் முழுக்க வரும். 2182 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 137 மீற்றர். நன்றாக வேலை செய்ய அன்டெனா அதில் கால்வாசி, 34 மீற்றர் அளவுக்காவது இருக்கவேண்டும். கப்பலில் நிற்பதோ எட்டு, பத்து மீற்றர். குட்டையான அன்டெனாவுக்குள் அந்த வலுவைத் திணிக்கவேண்டுமானால் அதன் அடிப்பாகத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். அதைத் தொட்டால் ஷொக் அடிக்கிற மாதிரி இருக்காது. தொட்ட புள்ளியில் தோல் தீயும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக வெந்திருக்கும், ஆற நாள் எடுக்கும். தொடவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் போகிற கைப்பிடிக் கம்பி, ஏணி, கிரேனின் இரும்பு வடம் ஆகியவையும் அலையை வாங்கி வைத்திருக்கும். நிலத்தோடு சரியாக இணைக்கப்படாத இரும்பைப் பிடித்தால் ‘சுரீர்’ என்று இழுக்கும். உயரத்தில் நிற்கிறவர் அந்தத் திடுக்கிடலில் பிடியை விட்டால் கதை முடிந்தது.

பீதுருதாலகல உச்சியில் ரூபவாஹினியின் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறதல்லவா, அது போன்ற கோபுரங்களில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கும் விதி இதுதான்: ஒலிபரப்பை நிறுத்தாமல், அல்லது வலுவைக் குறைக்காமல் ஏறக்கூடாத உயரம் என்று ஒன்று உண்டு. கப்பலில் அந்தக் கோபுரம் நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதை இயக்குகிற பொத்தானோ, உங்களைப் பார்க்கமுடியாத ஓர் அறைக்குள், இன்னொருவரின் விரலடியில்.

எண்ணெய்க் கப்பலில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. அன்டெனாவிலிருந்து வாங்கிய மின்சாரம் இரண்டு இரும்புகளுக்கு நடுவே பொறியாகத் தெறித்தால், அங்கே எரிவாயு இருந்தால், என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றி இறக்கும்போது இந்தப் பெரிய செட்டைப் பாவிக்கமாட்டார்கள், அன்டெனாவை நிலத்தோடு இணைத்துவிடுவார்கள், குறுந்தூர விஎச்எஃப் வானொலியையும் ஒரு வாட் அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். சாதாரணமாக அது 25 வாட்.

வெள்ளைக் குடைகள்

கப்பலின் மேலே வெள்ளை நிறத்தில் பெரிய முட்டை போலவும் பந்து போலவும் இருப்பவை செய்மதித் தொடர்பு அன்டெனாக்கள். கடலில் வட்ஸ்அப் வேலை செய்வது இவற்றால்தான். உள்ளே ஒரு தட்டு இருக்கிறது, அது சில வாட் அலையை ஒரே கற்றையாகச் செய்மதியை நோக்கி விடுகிறது. வாட் குறைவு, ஆனால் அந்தக் கற்றை மிக ஒடுக்கமானது. அதன் நேர் முன்னால் நின்றால் ராடாரின் வாயில் நிற்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ படலாம்.

சிக்கல் என்னவென்றால், குடை போன்ற அந்த வெள்ளை உறை தட்டை மூடியிருப்பதால், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கப்பல் திரும்பினால் தட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பிச் செய்மதியைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செய்மதிகள் பல மத்தியகோட்டுக்கு மேலே நிற்பவை. இலங்கையை ஒட்டிய கடலில், செய்மதி நேர் மேலே வாய்த்தால் கற்றை வானத்தைப் பார்த்துப் போய்விடும். கப்பல் வடக்கே நோர்வேப் பக்கம் போகப்போகக் கற்றை சரிந்து அடிவானத்தை நோக்கும், அதாவது பக்கத்தில் நிற்கிற ஆளின் நெஞ்சு மட்டத்துக்கு. இந்தியப் பெருங்கடலில் பத்து முறை ஒன்றும் ஆகாத இடம், வட கடலில் வேறு இடமாகிவிடுகிறது. குடையைச் சுற்றித் தளத்தில் கோடு போட்டு, ‘இதற்குள் நிற்காதே’ என்று எழுதியிருப்பார்கள். வர்ணம் பூசப் போகிறவர் அந்தக் கோட்டின் மேலேயே வர்ணம் பூசிவிடுவதும் உண்டு என்று கடலில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கீழே, இயந்திர அறையில்

இங்கே சூட்டுப் பிரச்சினை இல்லை, காந்தப்புலம்தான். அளக்கிற அலகு மைக்ரோடெஸ்லா. நாம் நிற்கிற இடத்தில் பூமியின் காந்தப்புலமே 40 மைக்ரோடெஸ்லா அளவு இருக்கிறது, ஆனால் அது ஆடாமல் நிற்பது. 60 முறை ஆடுகிற புலத்துக்கு ஐசிஎன்ஐஆர்பியின் 2010 வழிகாட்டியில் தொழிலாளிக்கு 1000, பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா.

ஜெனரேட்டர், பெரிய சுவிட்ச்போர்ட், துறைமுகத்தில் கப்பலின் மூக்கைத் திருப்புகிற மோட்டர் ஆகியவற்றின் கேபிள்களில் ஆயிரக்கணக்கில் அம்பியர் ஓடும். ஆனாலும் இந்த மின்சாரம் மூன்று கேபிளாகப் போவது; மூன்றையும் ஒட்டிக் கொண்டுபோனால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும், ஓரடி தள்ளி நின்றாலே மிகவும் குறைந்துவிடும். கொத்மலையிலிருந்தும் லக்ஷபானவிலிருந்தும் கொழுந்து மலைகளுக்கு மேலால் போகிற உயரழுத்தக் கம்பிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நம்மிடம் நிறைய. அவை அத்தனை உயரத்தில் போவதால் கீழே வந்து சேர்வது கொஞ்சம்தான்.

இயந்திர அறையில் எனக்கு உறுத்துவது வெல்டிங். 200 அம்பியர் ஓடுகிற கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள், பாரம் குறையுமாம். ஒற்றைக் கேபிளிலிருந்து ஐந்து சென்ரிமீற்றரில் 800 மைக்ரோடெஸ்லா. இருபது சென்ரிமீற்றரில் 200. ஒரு மீற்றரில் 40. கேபிளை இரண்டு மூன்று சுற்றாகத் தோளில் மாட்டினால் அதற்கேற்பப் பெருகும். செய்யவேண்டியது சின்ன வேலை: போகிற கேபிளையும் திரும்புகிற கேபிளையும் சேர்த்துக் கட்டி ஒரே பக்கமாக விடவேண்டும், இரண்டுக்கும் நடுவில் உடம்பு வரக்கூடாது, தோளில் சுற்றக்கூடாது.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தியவர், இன்சுலின் பம்ப் கட்டியிருப்பவர் ஆகியோருக்கு மேலே சொன்ன எல்லைகள் போதா. அந்தக் கருவிகள் இன்னும் குறைந்த புலத்திலேயே குழம்பலாம். எலும்பில் வைத்த இரும்புத் தகடும் சூடேறக்கூடும். கர்ப்பமாக இருக்கிற பெண்ணுக்குப் பொதுமக்களுக்கான எல்லையையே வைக்கவேண்டும். தொழிலாளரை மின்காந்தப் புலத்திலிருந்து காப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் தனிச் சட்டப் பணிப்பு ஒன்று கொண்டுவந்தது. வேலை கொடுப்பவர் ஆபத்தை மதிப்பிடும்போது இப்படிப்பட்டவர்களைத் தனியாகக் கவனிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயமும் கப்பலில் வேலைத்தல ஆபத்துகளை மதிப்பிடும் பொறுப்பைக் கப்பல் உரிமையாளர்மேல் வைக்கிறது. ஆகவே “என் கப்பலில் இதற்கு மதிப்பீடு செய்திருக்கிறதா?” என்று கேட்பது வாயாடித்தனம் ஆகாது.

புற்றுநோய் வருமா என்று அடுத்த கேள்வி வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மின்கம்பிக் காந்தப்புலத்தை 2002 இலும் வானொலி அலைகளை 2011 இலும் ‘2பி’ பிரிவில் போட்டது. ஒருவேளை இருக்கலாம், சான்று போதாது என்று அதற்கு அர்த்தம். கற்றாழை இலையின் முழுச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பயத்தைத் தேவையான இடத்துக்குச் சேமித்து வையுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாவி யாரிடம்?

அந்தத் தேவையான இடம் ஒரு சுவிட்ச். தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் என் சித்தப்பா வேலை பார்த்தார். ஒருநாள் கொழுந்து உருட்டுகிற ரோலருக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, மதிய சாப்பாட்டிலிருந்து திரும்பிய ஒருவர், மெஷின் நின்றுபோய்விட்டதே என்று சுவிட்சைப் போட்டுவிட்டார். நல்ல மனசோடுதான் போட்டார். சித்தப்பாவின் சுண்டுவிரல் போனது. அதற்குப் பிறகு அங்கே யார் மெஷினுக்குள் கை வைத்தாலும் ஃபியூசைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

கப்பல் மாஸ்டில் ஏறுவதற்கு உள்ள விதிகள் அனைத்தும் அந்த ஃபியூசைச் சுற்றி நெய்தவை. உயரத்தில் வேலை செய்ய எழுத்தில் அனுமதி வேண்டும். அதில் ராடார், பெரிய வானொலி, செய்மதி அன்டெனா, அதோடு கப்பலின் ஊதுகுழல் (பக்கத்தில் நிற்கும்போது அலறினால் யாரானாலும் கையை விட்டுவிடுவார்கள்) ஆகிய ஒவ்வொன்றும் நிறுத்தப்பட்டதா என்று கையெழுத்தாகும். திரையில் ‘ஸ்டேண்ட்பை’ போடுவது நிறுத்துவது ஆகாது. ஸ்டேண்ட்பையிலிருந்து ஒரு விரல் தட்டில் அது மறுபடி அலை விடும். மின்சாரத்தையே வெட்டி, பிரேக்கரில் பூட்டுப் போட்டு, ‘மேலே ஆள் இருக்கிறார், போடாதே’ என்ற பலகையைச் சுவிட்சின்மேல் தொங்கவிடவேண்டும். பூட்டின் சாவி ஏறுகிறவரின் பையில் இருக்கவேண்டும். சில ராடார்களில் ஸ்கேனர் பக்கத்திலேயே ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கும், மேலே போனதும் அதையும் அணைத்துவிடலாம். பக்கத்தில் வேறு கப்பல் நின்றால் அதன் ராடாரையும் பார்த்துக்கொள்ளவேண்டும், அதன் சாவி நம்மிடம் இல்லை. வேலை முடிந்து எல்லோரும் இறங்கி, தலைகளை எண்ணிய பிறகுதான் பூட்டைத் திறக்கலாம்.

நிறுத்தவே முடியாத நிலையும் வரும். நெரிசலான நீரிணையில் ராடாரை அணைக்க எந்தக் கப்டனும் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் கூடாது. அப்போது ஏறுவதைத்தான் தள்ளிப்போடவேண்டும். ராடாரில் ஒரு குறிப்பிட்ட திசைக்கு மட்டும் அலை விடாமல் தடுக்கிற வசதி இருக்கிறது. தாழ்வான ராடாருக்கு முன்னால் ஆள் நடமாடும் தளம் இருந்தால் அது நிரந்தரமாகவே போடப்பட்டிருக்கும். மாஸ்டில் ஏறுவதற்கு அதை நம்பக்கூடாது.

ஒருவேளை பட்டுவிட்டால்? முதலில் விலகுங்கள். சூடு உள்ளே ஏறும்போது தோல் எப்போதும் எச்சரிக்கும் என்று நினைக்கவேண்டாம், சில அதிர்வெண்கள் தோலைத் தாண்டி ஆழத்தில் சூடேற்றுபவை. எந்த அன்டெனா, எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள், மறுநாள் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. பொறுப்பதிகாரியிடம் சொல்லுங்கள். தீப்புள்ளி சின்னதாக இருந்தாலும் மருந்து கட்டுகிற அதிகாரியிடம் காட்டுங்கள். கண்ணில் உறுத்தலோ மங்கலோ இருந்தால் அடுத்த துறைமுகத்தில் கண் வைத்தியரைப் பார்க்கக் கேளுங்கள்.

பையன் போய் ஐந்து மாதமாகிறது. போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான்: ராடார் கையேட்டின் ஏழாம் பக்கம், வாட்டும் மீற்றரும் உள்ள அட்டவணை. கீழே, “சேர், போசனிடம் (மாலுமிகளின் தலைவர்) கேட்டேன், எங்கே இருக்கென்று தெரியாதாம். அலுமாரியில் பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது” என்று எழுதியிருந்தான்.